பத்துக்கு எவ்வளவு

அந்த ரயில்வே ஆஸ்பத்திரிக்கு வரும் டிரைவர்களும் கார்டுகளும் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘ம்ம் மேடம்’. யார் எதைச் சொன்னாலும் ‘ம்ம்’ என்று கேட்டுக்கொள்வார், அதனால் வந்த பெயர். தனக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது மேடத்துக்கும் தெரியும். ஒருநாள் வராந்தாவில் இரண்டு பேர், “இன்னிக்கு எத்தனை ம்ம் வாங்கினே?” என்று பேசிக்கொண்டே போனதைக் கேட்டுவிட்டு, அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சிரித்தார். அது பதினைந்து வருஷத்துக்கு முந்திய கதை. இப்போது கேட்டால் சிரிப்பு வருமா என்பது சந்தேகம்தான்.

இருபத்திமூன்று வருஷமாக அவருக்கு வேலையே மற்றவர்கள் பேசுவதைக் கேட்பதுதான். கேட்பதெல்லாம் ஒரு வேலையா, அதற்குச் சம்பளம் கொடுத்து ஓர் ஆளா என்று முகத்தைச் சுளிக்கிறவர்களை ஒரே ஒரு நாள், காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை, அந்த நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும். நடுவில் அறிவுரை சொல்லக் கூடாது. ‘எனக்கும் இப்படித்தான் ஒரு தடவை’ என்று ஆரம்பிக்கக் கூடாது. கொட்டாவி கூடவே கூடாது. மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் ஆளைக் காணமுடியாது.

முன்பு பழைய எக்ஸ்ரே படங்களை மூட்டை கட்டிப் போட்டிருந்த அறையைத்தான் அவருக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். மழை பெய்தால் சுவரிலிருந்து இன்னும் அந்தப் படங்களின் புளித்த வாடை வரும். இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு கண்ணாடி அலமாரி. நாற்காலிகள் நேருக்கு நேர் இருக்காது. கொஞ்சம் கோணலாக, வேண்டுமானால் ஒருவரை ஒருவர் பார்க்கலாம், வேண்டாமென்றால் ஜன்னலைப் பார்க்கலாம் என்கிற மாதிரி போட்டிருக்கும். சுவர்க் கடிகாரம் வருகிறவரின் தலைக்குப் பின்னால். பேசுகிறவருக்கு நேரம் தெரியக் கூடாது, கேட்கிறவருக்குத் தெரியவேண்டும். இதெல்லாம் இந்தத் தொழிலின் சின்னச் சின்னத் தந்திரங்கள்.

மேடம் இந்தத் தொழிலுக்கு ஆசைப்பட்டு வந்தவர் அல்ல. பணியாளர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தார். ஒரு வருஷக் கவுன்சிலிங் படிப்புக்கு ஓர் ஆளை அனுப்ப வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தபோது ஆளாளுக்கு நழுவினார்கள். “அவங்க பொறுமைசாலி, அவங்களை அனுப்புங்க” என்று யாரோ ஒரு புண்ணியவான் சொல்ல, வேலை அவர் தலையில் கட்டப்பட்டது. போனவருக்கு என்னவோ அந்தப் படிப்பு பிடித்துவிட்டது. அங்கே சொல்லிக்கொடுத்ததெல்லாம் ஒன்றுதான். சும்மா இரு, கேள், வந்தவர் தன் வழியைத் தானே கண்டுபிடிப்பார், நீ அவசரப்பட்டு மூக்கை நுழைக்காதே. அந்தக் காலத்தில் ஒருவர் பத்து வாரம் வருவார், இருபது வாரம் வருவார். ஒருத்தர் நாலு வாரம் வாயே திறக்காமல் ஜன்னலைப் பார்த்துவிட்டுப் போனார். ஐந்தாவது வாரம் பேச ஆரம்பித்தவர் மூன்று மாதம் நிறுத்தவில்லை. மேடத்தின் நல்ல காலம் அதுதான்.

பிறகு புது முறை வந்தது. ஒரு பெரிய ஹாலில் மூன்று நாள் பயிற்சி. திரையில் படம் போட்டுக் காட்டி, சுறுசுறுப்பான ஓர் ஆள் விளக்கினார். கஷ்டத்தை அளக்க வேண்டும். குறி வைத்து இறங்க வேண்டும். வீட்டுப்பாடம் கொடுக்க வேண்டும். ஆறு சிட்டிங்கில் முடிக்க வேண்டும். ஒவ்வொரு சிட்டிங்கின் தொடக்கத்திலும், ‘உங்கள் கஷ்டம் பத்துக்கு எவ்வளவு?’ என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை, பத்து என்றால் தாங்கவே முடியவில்லை. மேடம் அதைக் குறை சொல்லவில்லை. அந்த முறையில் நன்றாகத் தேறிப் போனவர்களையும் அவர் பார்த்திருக்கிறார். ஆனால் பழைய முறையை விடவும் மனசில்லை, புது முறையை முழுசாகப் பிடிக்கவும் தெம்பில்லை. இரண்டுங்கெட்டானாக, நம்பரையும் கேட்டுக்கொண்டு, ‘ம்ம்’மும் சொல்லிக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தார்.

களைப்பு எப்போது வந்தது என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. ஐம்பத்துநாலு வயசு, முழங்கால் வலி, அதெல்லாம் இருக்கட்டும். ஒருநாள் ஒரு பெண் அழுதுகொண்டிருக்கும்போது, சாயங்காலம் கேஸ் சிலிண்டர் வருமா வராதா என்று தான் யோசித்துக்கொண்டிருப்பதை மேடம் கவனித்தார். முகம் என்னவோ சரியாகத்தான் இருந்தது. தலை சரியான இடத்தில் ஆடியது. ‘ம்ம்’ சரியான இடத்தில் விழுந்தது. உள்ளே ஆள் இல்லை. அன்றைக்கு அவருக்குத் தன்மேல் வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் மறுநாளும் அப்படித்தான் இருந்தது, அதற்கு மறுநாளும். வெறுப்பும் பழகிவிட்டது.

வீட்டில் அவருடைய கணவர், ஓய்வு பெற்ற சர்வேயர், நாள் முழுக்க டிவியில் பார்த்த செய்திகளையெல்லாம் சாயங்காலம் மனைவிக்கு ஒப்பிப்பார். மேடம் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, “ம்ம்” என்பார்.

“அந்த ம்ம் எல்லாம் ஆஸ்பத்திரியோட வச்சுக்கோ. நான் என்ன உன் கேஸா?” என்பார் சர்வேயர்.

அதற்கும் “ம்ம்” என்றுதான் பதில் வரும்.

இந்த நிலையில்தான் ஒரு வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அந்த டிரைவர் வந்து உட்கார்ந்தார். பாசஞ்சர் வண்டி ஓட்டுகிறவர். நாற்பத்தேழு வயசு, மடிப்புக் கலையாத சட்டை, சவரம் செய்த முகம். அவர் ஓட்டிய வண்டியில் ஒரு பெரியவர் அடிபட்டு இறந்திருந்தார். அப்படி நடந்தால் டிரைவரை உடனே வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள். ஆறு சிட்டிங் முடித்து, ‘ரயிலை இயக்கத் தகுதியானவர்’ என்று மேடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் திரும்ப இன்ஜினில் ஏறமுடியும். இல்லாவிட்டால் இன்ஜின்கள் நிற்கும் ஷெட்டில் ஒரு மேஜை, ஒரு நோட்டு, யார் எந்தச் சாவியை எடுத்தார்கள் என்று எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

நடந்ததை அவர் ரிப்போர்ட் எழுதுவதைப் போலச் சொன்னார். காலை ஏழு நாற்பது. வண்டியின் வேகம் இவ்வளவு. கடக்கும் பாதை இல்லாத இடத்தில் ஒரு பெரியவர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டினார். ஹார்ன் அடித்தது, பிரேக் போட்டது, வண்டி அறுநூறு மீட்டர் தள்ளிப்போய் நின்றது. கீழே இறங்கியது, கன்ட்ரோலுக்குச் சொன்னது. ஒரு சொல் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

“தூக்கம் எப்படி இருக்கு?” என்றார் மேடம்.

“அவ்வளவா இல்ல மேடம்.”

“ம்ம். இப்ப உங்க கஷ்டம் பத்துக்கு எவ்வளவுன்னு சொல்வீங்க?”

“ஒம்பது இருக்கும் மேடம்.”

மேடம் ஃபைலில் ஒன்பது என்று எழுதினார். மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்து, தினமும் மனசில் வருவதை இதில் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். டிரைவர் தாளை மடிக்காமல், கசங்காமல் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த வியாழன் வந்தபோது தாள் முழுக்க எழுதியிருந்தது. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. பத்துக்கு எவ்வளவு என்றதும், “ஏழு மேடம்” என்றார். மூன்றாவது வாரம் ஐந்து. நான்காவது வாரம் நாலு. தூங்குகிறேன் என்றார். மனைவியோடு சாயங்காலம் நடக்கப் போகிறேன் என்றார். மூச்சுப் பயிற்சி ரொம்ப உதவியாக இருக்கிறது என்றார். நாற்பத்தைந்து நிமிஷ சிட்டிங்கை நாற்பத்துநாலாவது நிமிஷத்தில் அவரே முடித்துக்கொண்டு எழுந்துவிடுவார். இப்படி ஒருவர் வந்தால் எந்தக் கவுன்சிலருக்குத்தான் மனசு குளிராது? வியாழக்கிழமை என்றால் மேடம் கொஞ்சம் நல்ல புடவையாக எடுத்து உடுத்திக்கொண்டு போகும் அளவுக்கு ஆகிவிட்டது. அவருக்கே அது தெரியவில்லை, சர்வேயர்தான் கண்டுபிடித்துக் கிண்டல் செய்தார்.

மாதாந்திரக் கூட்டத்தில் இந்தக் கேஸை மேடம் எடுத்துச் சொன்னார். பேர் சொல்லவில்லை, ஒன்பதிலிருந்து நாலுக்கு இறங்கிய கோட்டை மட்டும் காட்டினார். பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். “எல்லாக் கேஸும் இப்படி இருந்தா நமக்கெல்லாம் வேலையே இல்ல” என்றார். அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது, இந்தத் தொழில் இன்னும் நம்மை முழுசாகக் கைவிடவில்லை என்று மேடம் நினைத்துக்கொண்டார். வயிற்றில் ஒரு சின்னச் சந்தோஷம், பல வருஷம் கழித்து.

ஆறாவது வியாழன் வந்தது.

“இந்த வாரம் பத்துக்கு எவ்வளவு?”

“ஒண்ணு மேடம்.”

மேடம் ஃபைலை மூடினார். சர்டிபிகேட்டை எழுதி, கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்ப்பை மையில் தோய்த்து அழுத்தினார். ஷெட்டில் ஒரு நகல் தேவைப்படும், அதை நாங்களே அனுப்பிவிடுவோம் என்றார். டிரைவர் சர்டிபிகேட்டை வாங்கி இரண்டு தடவை படித்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தவர், கதவுப் பக்கம் போகாமல் நின்றார். நன்றி சொல்லப்போகிறார் என்று மேடம் நினைத்தார்.

“நீங்களும் ஒரு பத்து நாள் லீவு போட்டு ரெஸ்ட் எடுங்க மேடம்” என்றார் டிரைவர். “மொத நாளே பார்த்தேன், ரொம்பக் களைச்சுப் போயிருந்தீங்க. எனக்கு முன்னாடி ஒருத்தர் உள்ள அழுதுட்டு வெளிய வந்தாரு. எனக்கு அப்புறம் ஒரு அம்மா அழறதுக்குன்னே காத்துக்கிட்டு இருந்தாங்க. நடுவுல நானும் வேறயான்னு இருந்துச்சு.”

வழக்கம்போல ‘ம்ம்’ என்று சொல்ல வாயெடுத்தவருக்கு ஏதோ உறுத்தியது.

“நீங்களும் வேறயான்னா?”

“இல்ல மேடம், நான் ஒருத்தனாவது நல்லபடியாச் சொன்னா உங்களுக்கு ஒரு பாரம் குறையும்ல. அதைச் சொன்னேன்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான், சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது. சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோயிற்று.

“உக்காருங்க” என்றார் மேடம்.

“டைம் முடியப்போகுது மேடம். இன்னும் மூணு நிமிஷம்தான்.”

டிரைவரின் தலைக்குப் பின்னால் இருந்த கடிகாரம் அவருக்கு எப்படித் தெரிந்தது? மேடம் டிரைவரின் பார்வை போன திசையைப் பார்த்தார். கண்ணாடி அலமாரியில் கடிகாரம் இடவலம் மாறி, முழுசாகத் தெரிந்தது. ஆறு வாரமாக மேடம் எப்போதெல்லாம் கடிகாரத்தைப் பார்த்தாரோ, அதையெல்லாம் எதிரில் இருந்தவரும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

“ஏழுன்னு சொன்னது?”

டிரைவர் உட்கார்ந்தார். “சிக்னல் பார்த்து ஓட்டறவன் மேடம். இருபது வருஷமா அதான் பொழப்பு. நீங்க கேக்கும்போது மொகம் ஒரு மாதிரி இருக்கும். நம்பர் குறைஞ்சா அப்படியே மாறிடும். முன்னால வந்து உக்காருவீங்க. வேகமா எழுதுவீங்க. அதைப் பார்த்தா எனக்கும் நிம்மதியா இருந்துச்சு. அதுக்கப்புறம் கூட்டிச் சொல்ல மனசு வரல.”

“நெஜமா தூங்கறீங்களா?”

“உக்காந்துக்கிட்டு.”

“வீட்டுக்காரம்மாவோட நடக்கப் போறது?”

டிரைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தாள் தாளாக முத்து முத்தாக எழுதிக்கொண்டு வந்ததைப் பற்றி மேடம் கேட்கவில்லை. அதைக் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

அந்த மூன்று நிமிஷத்தில் மேடத்தின் மனசு போட்ட கூத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்த மனுஷன் வாயைத் திறக்காமல் போயிருந்தால் என்ன என்றுதான் முதலில் தோன்றியது. அதன் பிறகு, ஆறு சிட்டிங் முடிந்துவிட்டது, ஃபைல் சுத்தமாக இருக்கிறது, யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை என்று தோன்றியது. இன்ஜினில் ஏறி உட்கார்ந்ததும் தானாகச் சரியாகிவிட்டவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றும் தோன்றியது. பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தது ஞாபகம் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, அவருக்கு வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் இரண்டு மாதமாகப் படுத்துத் தூங்காத ஓர் ஆள், எண்ணூறு பேரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, அதே ஏழு நாற்பதுக்கு, அதே இடத்தைத் தாண்டப் போகிறார். அதற்குத் தகுதியானவர் என்று மேடத்தின் கையெழுத்துச் சொல்கிறது.

“அந்த சர்டிபிகேட்டைக் குடுங்க” என்றார்.

டிரைவரின் கை சட்டைப் பைக்குப் போனது, எடுக்க அல்ல, மூடிக்கொள்ள. “கையெழுத்துப் போட்டுட்டீங்களே மேடம்.”

“தப்பாப் போட்டுட்டேன்.”

“மொதல்ல ஸ்டாம்ப்பு வச்சுக் குடுக்கறீங்க, அப்புறம் திருப்பிக் கேக்கறீங்க. இது என்ன விளையாட்டா? எனக்குக் கீழ வேலை பழகினவனெல்லாம் எதிர்ல வந்து சாவி வாங்குவான். நான் நோட்டுல எழுதிக்கிட்டு உக்காந்திருக்கணுமா?”

மேடம் டெலிபோனை எடுத்து, டிரைவர்களுக்கு டூட்டி போடும் அதிகாரியைக் கூப்பிட்டார். டிரைவரை வெளியே அனுப்பிவிட்டுப் பேசியிருக்கலாம். அனுப்பவில்லை. முதுகுக்குப் பின்னால் நடந்தது போதும் என்று நினைத்தார்.

“சார், இன்னிக்கு நான் ஒருத்தருக்குக் குடுத்த சர்டிபிகேட் செல்லாது. … இல்ல சார், அவர் மேல தப்பில்ல. நான் சரியாக் கேக்கலை. … ஆமா, ஆறு முடிஞ்சிருச்சு. … ஆறு வாரமா என்ன பண்ணேன்னுதான் நானும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன் சார்.”

போனை வைத்தபோது டிரைவர் எழுந்து நின்றிருந்தார். சர்டிபிகேட்டை எடுத்து மேஜையில் போட்டார்.

“உங்களைப் போய்ப் பாவம்னு நெனச்சேன் பாருங்க, என்னைச் சொல்லணும்” என்றார். கதவைச் சாத்தாமல் போய்விட்டார். வெளியே காத்திருந்த அம்மா எட்டிப் பார்த்து, “நான் வரலாமாம்மா?” என்றார்.

“வாங்க” என்றார் மேடம். வேறென்ன செய்வது?

அந்த வாரம் கழிந்த விதம் அவருக்குத்தான் தெரியும். விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. ‘நான் கேட்ட கேள்விக்கு, நான் எதிர்பார்த்த பதிலை அவர் சொன்னார். அதை முன்னேற்றம் என்று எழுதிவிட்டேன்’ என்று பதில் எழுதிக் கொடுத்தார். படித்த குமாஸ்தா, “இப்படியெல்லாம் எழுதிக் குடுக்காதீங்க மேடம், கொஞ்சம் பூசி மெழுகி எழுதுங்க” என்று நல்லெண்ணத்தோடு சொன்னார். மேடம் கேட்கவில்லை. கடிகாரத்தைக் கழற்றி, இரண்டு பேருக்கும் தெரிகிற பக்கச் சுவரில் மாட்டச் சொன்னார். ஆணி அடிக்க வந்தவர், இங்கே மாட்டினால் அசிங்கமாக இருக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே மாட்டினார்.

அவமானத்தைக் கூட மேடம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பயம்தான் அவரைத் தின்றது. டிரைவர் திரும்ப வராவிட்டால்? இனி வண்டி ஓட்டவே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஷெட்டு மேஜையிலேயே உட்கார்ந்துவிட்டால்? உட்கார்ந்துகொண்டே தூங்குகிற ஒருவர் இன்னும் எத்தனை நாள் அப்படி இருக்கமுடியும்? இரண்டு தடவை போன் செய்தார். மணி போனது, எடுக்கவில்லை. ‘வியாழன் பதினோரு மணிக்கு நாற்காலி உங்களுக்காக இருக்கும்’ என்று ஒரு செய்தி அனுப்பினார். அதற்கும் பதில் இல்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சர்வேயர் ஏதோ ஒரு நாட்டு வெள்ளத்தைப் பற்றி ஆரம்பித்தபோது மேடம், “இன்னிக்கு நான் பேசறேன், நீங்க கேளுங்க” என்றார். சர்வேயர் டிவியை அணைத்தார். பேர் இல்லாமல், ஊர் இல்லாமல், தொழில் கூட இல்லாமல் மேடம் சொன்னார். கஷ்டத்தைச் சொல்ல வந்த ஒருத்தர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, தன் கஷ்டத்தை மென்று முழுங்கிவிட்டுப் போனார் என்றார். அழாமல்தான் சொன்னார்.

சர்வேயர், “வாரத்துல ஒரு மணி நேரம் கூட பார்க்காத ஆளுக்கு நீ களைச்சுப் போயிருக்கேன்னு தெரிஞ்சிருக்கு. தினம் பார்க்கற எனக்குத் தெரியலையே” என்றார். எழுந்து போய்த் தைல பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தார். மேடம் காலை நீட்டினார்.

வியாழன் பதினோரு மணிக்கு நாற்காலி காலியாக இருந்தது. பதினொன்றே காலுக்கும் காலியாக இருந்தது. பதினொன்று இருபதுக்கு டிரைவர் வந்தார். சட்டை கசங்கியிருந்தது, நாலு நாள் தாடி. வணக்கம் சொல்லவில்லை. உட்கார்ந்தார்.

மேடம் ஃபைலைத் திறக்கவில்லை. நம்பர் கேட்கவில்லை.

“கோவமா இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“சரி, இருங்க.”

டிரைவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டியும் ஒரு பழுதான ஸ்ட்ரெச்சரும் இருந்தன. பத்து நிமிஷம் போல அவற்றையே பார்த்தார். மேடத்துக்கு வேறு எந்த யோசனையும் வரவில்லை. சிலிண்டர் வரவில்லை, முழங்கால் வரவில்லை. எதிரில் இருப்பவரின் கழுத்து நரம்பு துடிப்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரிப்போர்ட்ல எழுதாதது ஒண்ணு இருக்கு” என்றார் டிரைவர், ஜன்னலைப் பார்த்தபடியே. “அந்தப் பெரியவரோட சைக்கிள் தண்டவாளத்துல மாட்டிக்கிச்சு. இழுத்துக்கிட்டு இருந்தாரு. நான் ஹார்ன் அடிச்சேன். நிமிர்ந்து பார்த்தாரு. விட்டுட்டு ஓடியிருக்கலாம், ஓடல. என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினாரு.”

தன் வலது கையை, உள்ளங்கை தெரிய, தோளுக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

“பஸ்ஸை நிறுத்தச் சொல்வாங்கல்ல, அந்த மாதிரி. கொஞ்சம் இருப்பா, இதோ எடுத்துட்டேன்கிற மாதிரி. நான் பிரேக் போட்டுட்டேன் மேடம். வண்டி நிக்காதுன்னு எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. கையை எறக்கவே இல்ல. கடைசி வரைக்கும் எறக்கல.”

தூக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

“நான் நிறுத்துவேன்னு நம்பித்தானே மேடம் அவர் கையைத் தூக்கினாரு?”

இதற்கு மேடத்திடம் தயாராக இரண்டு பதில் இருந்தது. ‘உங்களுக்கு அப்படித் தோணுதா?’ என்று கேள்வியையே திருப்பிக் கொடுப்பது முதல் படிப்பு சொல்லித்தந்தது. ‘உங்கள் மேல் தப்பில்லை என்பதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்’ என்பது இரண்டாவது பயிற்சி சொல்லித்தந்தது. இரண்டும் நாக்கு நுனி வரை வந்தன. இரண்டுமே தப்பான பதில் என்று சொல்லமுடியாது. ஆனால் கேட்டவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார், அதற்கு ஒரு பதில் இருந்தது, அது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

“ஆமா” என்றார் மேடம். “உங்களை நம்பித்தான் தூக்கினார்.”

டிரைவர் அவரைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு மாதமாக மனைவி, உதவி டிரைவர், அதிகாரி என்று எல்லோரும் ‘உங்க மேல தப்பில்ல’ என்றுதான் சொல்லியிருந்தார்கள். யாரும் அந்தப் பெரியவரின் பக்கம் போய் நின்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. டிரைவரின் முகம் கோணியது. வாயைப் பொத்திக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. நாற்பத்தேழு வயசு மனுஷன், தொண்டையிலிருந்து இல்லாமல் வயிற்றிலிருந்து அழுதார். சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டிருக்கும்.

அடுத்து வரவேண்டிய அம்மா கதவைத் தட்டினார். மேடம் எழுந்து போய், அவரை அரை மணி கழித்து வரச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.